முள்ளம்பன்றி விட்டுவைத்த பல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கோப்பெங்கைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் பழங்கால விலங்கின் முழு எலும்புக்கூட்டைத் தேடிப் போகிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். முள்ளம்பன்றிகள் அவரை முந்திக்கொண்டிருக்கும். முள்ளம்பன்றியின் முன்பற்கள் சாகும்வரை வளர்பவை. அவற்றைத் தேய்க்கவும் சுண்ணாம்புச் சத்துக்காகவும் காட்டில் கிடக்கும் எலும்புகளைக் குகைக்குள் இழுத்து வந்து கொறிக்கும். தொடை எலும்பு போகும், விலா போகும், பல்லின் வேர்கூடப் போகும். கொறிக்க முடியாத எனாமல் தொப்பி மட்டும் மண்ணில் மிஞ்சும். தென்கிழக்காசியக் குகைகள் பலவற்றில் இதுதான் நிலை.

கோப்பெங் அடங்கிய கிந்தா பள்ளத்தாக்கிலும் கிடைப்பவை பற்கள்தாம். ஈப்போ அருகே தம்பூனில் வெள்ளீயம் கலந்த குகைப் படிவில் கிடைத்தவற்றை லெய்டன் நகரத்து ஆய்வாளர் ஹூய்யர் 1960களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். அவற்றில் நீர்யானையும் இருந்தது. 2021இல் கோப்பெங் குகை ஒன்றில் ஸ்டெகோடான் என்ற அழிந்துபோன யானையினத்தின் புதைபடிவம் கிடைத்தது செய்தியானது. நாம் காவடி எடுத்துப் படியேறும் பத்துமலையின் குகைத்தொகுதியில் ஒராங் ஊத்தான் பற்கள் கிடைத்ததை 2013இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

வெறும் பல்லை வைத்து என்ன நோய் கண்டுபிடிக்க முடியும்? நிறையவே முடியும். எலும்பு உயிருள்ளவரை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். எனாமல் அப்படியல்ல. ஈறுக்குள் பல் உருவாகும்போது அடுக்கடுக்காகப் படிந்து, ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு திருத்தமே இல்லை. குட்டிக்குக் காய்ச்சல் கண்டாலோ, தாய்ப்பால் நின்று வயிறு காய்ந்தாலோ எனாமல் படிவது தடைபடும். அந்த இடத்தில் குறுக்கே ஒரு பள்ளக்கோடு விழும். டாப்னி, எர்விங்க் என்ற ஆய்வாளர்கள் 1998இல் தொல்லியல் களங்களின் பன்றிப் பற்களில் இந்தக் கோடுகளை எண்ணினார்கள். பிறந்த நேரம், பால் மறந்த நேரம், முதல் குளிர்காலம் என்று அவற்றுக்குக் காரணம் சொன்னார்கள். ஒராங் ஊத்தான் பற்களில் இத்தகைய கோடுகள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருகின்றன. காட்டில் பழம் குறையும் மாதங்களின் பட்டினியும் தொற்றும் சேர்ந்து போட்ட கோடுகளாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குட்டி பட்ட பசி இன்றும் நகத்தில் தட்டுப்படுகிறது என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

முள்ளம்பன்றி எட்டாத இடங்களில் எலும்பும் பேசுகிறது. பழைய பல்லிலும் எலும்பிலும் விலங்கின் நோயைத் தேடும் விலங்குத் தொல்நோயியல் என்ற துறைக்கு 1980இல் பேக்கரும் பிராத்வெல்லும் ஒரு நூல் எழுதி அடித்தளம் போட்டார்கள். 1997இல் பார்தோசியேவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் ருமேனியாவில் உண்மையிலேயே பாரம் இழுத்த எருதுகளின் கால்களை வாங்கி, எலும்பு எலும்பாக அளந்தார்கள். உழைத்த மாட்டின் குளம்புக்கு மேலுள்ள எலும்பு அகன்றிருக்கும். மூட்டின் விளிம்பில் முண்டும் முடிச்சுமாக எலும்பு வளர்ந்திருக்கும். குருத்தெலும்பு தேய்ந்த இடம் தந்தம்போல் பளபளக்கும். ஆனால் முதுமையும் பெருத்த உடலும்கூட இதைச் செய்யும். ஒரே எலும்பைப் பார்த்துவிட்டு 'வண்டி மாடு' என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஹரப்பாவில் லாரா மில்லர் இதே வழியில்தான் இழுவை மாடுகளைத் தேடினார்.

தமிழ்நாட்டின் கீழடி அகழாய்வில் கிடைத்து ஆய்வுக்குப் போன 70 எலும்பு மாதிரிகளில் பாதிக்கு மேல் காளை, பசு, எருமை, ஆடு ஆகியவற்றுடையவை என்று 2019ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. எந்த விலங்கு என்பது தெரிந்துவிட்டது. அது ஏர் இழுத்ததா, வண்டி இழுத்ததா என்பதைக் கால் எலும்பின் முண்டும் முடிச்சும்தான் சொல்ல வேண்டும். கோணலான எலும்பை 'பழுதானது' என்று தனிப் பையில் போட்டு ஒதுக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் மாற வேண்டும் என்பது என் கருத்து. அந்த மாட்டின் வாழ்க்கை அந்தக் கோணலில்தான் இருக்கிறது.

மாடு வளர்த்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இன்னொன்று எளிதில் புரியும். 2011இல் ஒழிக்கப்பட்ட வெக்கை நோயும், அடைப்பானும் சில நாளில் மாட்டைச் சாய்க்கக்கூடியவை. எலும்பில் ஏற அவற்றுக்கு நேரம் போதாது. அவை கொன்ற மாட்டின் எலும்பு பார்க்க அப்பழுக்கில்லாமல் இருக்கும். முடிச்சு விழுந்த எலும்பு, நோயோடு பல மாதமோ பல ஆண்டோ உயிர்வாழ்ந்த விலங்குடையது. முறிந்து கூடிய கால் எலும்பைக் கட்டுத்தறி மாட்டிடம் கண்டால், நொண்டிய நாட்களில் யாரோ தீனி வைத்திருக்கிறார்கள், உடனே அடிமாட்டுக்குத் தள்ளவில்லை என்று நினைக்க இடமிருக்கிறது.

இதே பேராக்கில், லெங்கோங்கில் 1991இல் தோண்டியெடுத்த 'பேராக் மனிதன்' இடது கை விரலெலும்புகள் பிறவியிலேயே குறுகியவர். சுமார் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன், நடுவயதுவரை வாழ்ந்தார். அவரோடு விலங்கு எலும்புகளையும் வைத்துப் புதைத்திருந்தார்கள். மனிதருடைய ஊனத்தைப் பற்றி உலகமே எழுதியது. உடன் கிடந்த விலங்கெலும்புகளையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டாமா?

கோப்பெங்கில் பழைய வெள்ளீயச் சுரங்கங்கள் குளமாகிவிட்டன. குவா தெம்புரோங் போன்ற குகைகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். சுவரில் இறுகிய மண்ணில் ஒரு பல் தென்பட்டால் பெயர்க்காதீர்கள், கழுவாதீர்கள். எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பது தெரியாமல் போனால் அதன் வயதும் போய்விடும். எனாமலைச் சுரண்டினால் கோடும் போய்விடும். இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, மாவட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள்.