ஆராய்ச்சிக்கு ஆள் தேர்ந்தெடுத்தல்

முத்துக் குளிப்புக்கு நாள் குறிக்கும் முன், அதிகாரிகள் கடலுக்குச் சென்று, பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தின் தரத்தை மதிப்பிட்டுப் பார்ப்பது தூத்துக்குடிக் கரையின் பழைய வழக்கம். 1961-ஆம் ஆண்டோடு இங்கு முத்துக் குளிப்பு நின்றுவிட்டது. மருத்துவ ஆராய்ச்சிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் ஏறக்குறைய இதைப் போன்றதே. ஆயின் சிப்பியிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. மனிதரிடம் கேட்டாக வேண்டும்.

"ஆராய்ச்சி டாக்டர்கள் வந்தால், ஊர் சார்பில் நான் கையெழுத்திட்டால் போதுமல்லவா, ஐயா?" என்று பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் என்னிடம் வினவினார். போதாது. அதை விளக்கவே இக்கட்டுரை.

கவனக்குறைவும் மிகைச் சுறுசுறுப்பும் சேர்ந்த கோளாறு ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகளால் அதை ஏ.டி.எச்.டி. என்பர். இது சிறுவர்களுக்கு மட்டுமே உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. வளர்ந்த பின்னும் பலரிடம் இது நீடிக்கிறது என்பது இன்று தெளிவாகியுள்ளது. தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுதல், சொன்ன நாளை மறத்தல், ஓரிடத்தில் அமர இயலாமை ஆகியவை இதன் அறிகுறிகள். இத்தகையோரை நாம் "பொறுப்பற்றவன்" என்று ஏசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் தயாரான வினாத்தாள் ஒன்று 2005-இல் வெளியாயிற்று. அதில் 18 வினாக்கள் உள்ளன. முதல் ஆறு வினாக்களில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு விடை குறிப்பிட்ட அளவைத் தொட்டால், மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். நோய் உறுதியாயிற்று என்று பொருளன்று. இதை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். இரவெல்லாம் கடலில் விழித்திருந்து வலை போடுபவருக்கும், விடியுமுன் உப்பளத்துக்குச் செல்லும் பெண்ணுக்கும் தூக்கக் குறைவினாலேயே கவனம் சிதறலாம். மதுப் பழக்கம், மனச்சோர்வு, தைராய்டுக் கோளாறு ஆகியவையும் அவ்வாறே செய்யும். ஆகவே டாக்டர் நேரில் விசாரித்து, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீட்டிலும் தொழிலிலும் ஒருங்கே தொல்லை தருகின்றனவா என்று ஆராய வேண்டும். தாயாரோ அண்ணனோ சொல்லும் பழைய செய்திகள் இங்கு மிகவும் பயன்படும்.

மருந்து ஆராய்ச்சியாயின் இரத்த அழுத்தமும் இருதயமும் சோதிக்கப்படும். இக்கோளாறுக்குரிய சில மருந்துகள் நாடித் துடிப்பை மிகுவிப்பவை. சோதனையில் ஒருவர் தள்ளப்பட்டால் அது அவருக்கு இழிவன்று. அந்த ஆராய்ச்சியின் அளவுகோலுக்கு அவர் பொருந்தவில்லை, அவ்வளவே.

ஆராய்ச்சி என்றதும் அஞ்சி ஓடவும் வேண்டாம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காச நோய் ஆராய்ச்சியில் ஏழை நோயாளிகள் பலர் பங்கேற்றனர். வீட்டிலிருந்தே மருந்துண்பது, சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கு ஏறக்குறைய இணையானது என்று 1959-இல் முடிவு வெளியாயிற்று. அதன் பலனை உலகமே அடைந்தது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடைபெற்றது. பெற்றோரின் சம்மதத்துக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டது பின்னர் வெளிப்பட்டது. 2010 ஏப்ரலில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. தலைவரின் அனுமதி தனிமனிதரின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன.

எனவே, ஆராய்ச்சியாளர் வந்தால் உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டியது நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம். மருந்து ஆராய்ச்சியெனில், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணையும் கேளுங்கள். 2009 முதல் இப்பதிவு கட்டாயம். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒப்பும்போது, சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும். அந்தச் சாட்சியாக வேண்டுமாயின் உறுப்பினர் அமரலாம். ஆனால் "கைநாட்டு வை" என்று வற்புறுத்தலாகாது. ரேஷன் அட்டையையோ வேலைத் திட்டத்தையோ இதனோடு முடிச்சுப் போடுவது பெருந்தவறு. ஒப்பியவர் எந்நாளும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை குறையாது. யார் தேர்ந்தார், யார் தள்ளப்பட்டார் என்ற பட்டியலைப் பஞ்சாயத்து கேட்கவே கூடாது. பெண் பார்க்கும் வீட்டாருக்கு அச்செய்தி எட்டினால் என்ன நேரும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆராய்ச்சியில் சேராதவரும் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் இலவச ஆலோசனை பெறலாம்.