ஆட்சி மாறியது, வேலைப் பட்டியல் மாறவில்லை

2008 ஜனவரி 5. துனிசியாவின் தென்மேற்கே, அல்ஜீரிய எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ரெதேயெஃப் என்ற சுரங்க ஊரில், அரசு நிறுவனமான கஃப்சா பாஸ்பேட் கம்பெனி புதிதாக வேலைக்கு எடுத்தவர்களின் பட்டியல் வெளியானது. காத்துக் கிடந்த உள்ளூர் இளைஞர்கள் பலருடைய பெயர் அதில் இல்லை. சுரங்கத்தில் அடிபட்டவர்களின் பிள்ளைகளுக்கென்று பேசி ஒதுக்கிய இடங்கள்கூட, தொழிற்சங்கத் தலைமைக்கும் ஆளுங்கட்சிக்கும் வேண்டியவர்களுக்குப் போய்விட்டதாக ஊரே கொதித்தது. கணவனைச் சுரங்கத்துக்குப் பறிகொடுத்த பெண்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அத்னான் ஹாஜி என்ற பள்ளி ஆசிரியர் அந்தப் போராட்டத்தின் முகமானார். ஆறு மாதம் நீடித்ததை ஜூன் மாதம் துப்பாக்கிச் சூட்டால் அடக்கினார்கள். ஹாஜி சிறைக்குப் போனார்.

நெய்வேலியிலும் மந்தாரக்குப்பத்திலும் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மண்ணுக்கடியில் செல்வம், அதை எடுக்க ஓர் அரசு நிறுவனம், சுற்றிலும் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் கிராமங்கள். 1956இல் தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் (என்எல்சி) வரலாற்றில் நகரியத்தின் மரநிழல் தெருக்கள், பள்ளிகள், மருத்துவமனை எவ்வளவு உண்மையோ, "நிலம் கொடுத்தோம், நிரந்தர வேலை எங்கே?" என்ற கேள்வியும் அவ்வளவு உண்மை.

அரபு எழுச்சியைப் பற்றிய கட்டுரைகள் வழக்கமாக 2010 டிசம்பர் 17இல் தொடங்கும். அன்றுதான் சிதி பூசித் நகரில் தள்ளுவண்டி வியாபாரி முகமது புவாசிசி தீக்குளித்தார். நான்கு வாரத்தில், 2011 ஜனவரி 14 அன்று, 23 ஆண்டுகள் ஆண்ட பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். ஆனால் சிதி பூசித், இந்தச் சுரங்க ஊர்கள் இருக்கும் கஃப்சாவுக்கு அடுத்த மாகாணம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சுரங்க ஊர்கள் கேட்டுவிட்ட கேள்விதான் பிறகு தலைநகர்வரை போனது. பின்னால் வந்த ஜனநாயகம் ஏன் தடுமாறியது என்பதற்கான விடையையும் தலைநகரில் தேடுவதைவிட அந்தச் சுரங்க ஊர்களில் தேடுவதே சரி என்று நினைக்கிறேன்.

மற்ற நாடுகளின் கதை சீக்கிரமே முடிந்துபோனது. எகிப்தில் 2012இல் தேர்தலில் வென்ற முகமது முர்சியை 2013 ஜூலையில் ராணுவம் இறக்கியது. லிபியா, ஏமன், சிரியா மூன்றும் உள்நாட்டுப் போரில் விழுந்தன. துனிசியா மட்டும் தாக்குப்பிடித்தது. 2011 அக்டோபரில் நேர்மையான தேர்தல் நடந்தது. 2013இல் இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டு நாடு பிளவின் விளிம்புக்குப் போனபோது, யுஜிடிடி தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் வழக்கறிஞர்கள் சங்கமும் மனித உரிமைக் கழகமும் சேர்ந்து கட்சிகளைப் பேச்சுக்கு உட்காரவைத்தன. 2014 ஜனவரியில் புதிய அரசமைப்பு பிறந்தது. அந்த நான்கு அமைப்புகளுக்கும் 2015இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒரு தொழிற்சங்கம் ஒரு நாட்டையே காப்பாற்றியது சாதாரணச் செய்தியல்ல.

இதே காலத்தில் கஃப்சாவில் நடந்தது வேறு. 2010இல் சுமார் 80 லட்சம் டன்னாக இருந்த பாஸ்பேட் உற்பத்தி, 2011இல் 30 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. பென் அலி காலத்தில் பயந்து அடங்கியிருந்தவர்கள் இப்போது ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். சரக்கு ரயில் நகரவில்லை. ஒரு நியமனப் பட்டியல் வரும். பெயர் விட்டுப்போனவர்கள் மறியலில் இறங்குவார்கள். அரசு இன்னொரு பட்டியலுக்கு வாக்குக் கொடுக்கும். சுற்றுச்சூழல், மரம் நடுதல் என்ற பெயரில் துணைக் கம்பெனிகளைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைச் சம்பளப் பட்டியலில் ஏற்றினார்கள். பெரும்பாலோருக்குச் சம்பளம் இருந்தது, செய்ய வேலை இல்லை. உற்பத்தி விழுந்து, சம்பளச் செலவு ஏறி, நாட்டுக்கே அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கம்பெனி நொடித்தது. அரசு பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடனுக்குப் போனது. அது போட்ட நிபந்தனைகளில் ஒன்று, அரசு ஊழியர் சம்பளச் செலவைக் கட்டுப்படுத்துவது.

மறியல் செய்த இளைஞர்கள்மேல் பழிபோடுவது எளிது. அது நியாயமல்ல. ஒரு வேலை யாருக்கு, ஏன் கிடைக்கிறது என்பதைச் சொல்லும் நம்பகமான விதி எதையும் அவர்கள் கண்ணால் கண்டதில்லை. புதிய ஆட்சியாளர்கள் செய்திருக்க வேண்டியது அந்த விதியை எழுதி, மதிப்பெண்ணை ஊரறிய வெளியிட்டு, முறையீட்டை விசாரிக்கத் தனி அமைப்பு ஒன்றை உருவாக்குவது. அவர்கள் பெயர்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனார்கள். தண்டவாளத்தில் உட்கார்ந்தால்தான் வேலை என்ற பாடத்தை அரசே மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

நெய்வேலியோடு ஒப்பிட்டால் நம்மிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது தெரியும். 2006 ஜூனில் என்எல்சியின் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூட்டணியில் இருந்த திமுக எதிர்த்தது. ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங் அந்த முடிவை நிறுத்திவைத்தார். 2013இல் பங்கு விற்பனை மீண்டும் வந்தது. மீண்டும் வேலைநிறுத்தம். இம்முறை தமிழக அரசின் நிறுவனங்களே 3.56 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டன. தெருவில் எழுந்த குரல், கட்சி வழியாகவும் மாநில அரசு வழியாகவும் டெல்லிவரை போய்ச் சேர்ந்தது. கஃப்சாவுக்கு அப்படியொரு வழி வாய்க்கவில்லை.

ஆனால் வேலையிலும் நிலத்திலும் கதை அவ்வளவு நேராக இல்லை. என்எல்சியில் கூட்டுறவுச் சங்கம் வழியாக வேலை செய்யும் இன்கோசர்வ் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பணி நிரந்தரக் கோரிக்கை பல ஆண்டுகளாக இழுக்கிறது. 2022இல் கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து 299 பொறியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள் அநேகமாக இல்லை என்று எதிர்ப்பு கிளம்பி, முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

2023 ஜூலை 26 அன்று நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில், என்எல்சி வாய்க்கால் வெட்டுவதற்காக, பச்சைப் பயிர் நின்ற வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலத்தை முன்பே கையகப்படுத்திவிட்டோம் என்பது நிறுவனத்தின் வாதம். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். வளர்ந்து நிற்கும் நெல்லை ஒரு விவசாயியின் கண்ணெதிரே புரட்டிப் போடுவதை எந்தக் கோப்பும் நியாயப்படுத்தாது. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பாமக நடத்திய முற்றுகை வன்முறையில் முடிந்தது. போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே சென்னை உயர் நீதிமன்றம் பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. மனக்காயம் ஆறியது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு வாரத்தில் போய்க் கதவைத் தட்ட ஒரு நீதிமன்றம் இருந்தது.

துனிசியா கோட்டைவிட்டது இங்கேதான். 2014 அரசமைப்பு, ஓர் ஆண்டுக்குள் அரசமைப்பு நீதிமன்றம் அமைய வேண்டும் என்றது. அதில் நான்கு உறுப்பினர்களை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்சிகள் தங்கள் ஆளுக்காகவே மல்லுக்கட்டின. ஒரே ஒருவர் தேர்வானார். நீதிமன்றம் அமையவே இல்லை. 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சயீது, அரசமைப்பின் 80ஆம் பிரிவைக் காட்டி நாடாளுமன்றத்தை முடக்கினார். அது செல்லுமா என்று தீர்ப்புச் சொல்ல நாட்டில் யாரும் இல்லை. அன்றிரவு மக்கள் தெருவுக்கு வந்து அவரை வாழ்த்தினார்கள். பத்தாண்டுகளில் சுமார் பத்து அரசாங்கங்களைப் பார்த்து, வேலை மட்டும் கிடைக்காமல் போன மக்கள் அவர்கள். 2022 டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் 100க்கு 11 பேர்தான் வாக்களித்தார்கள்.

இதை வைத்து, அரபு மக்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது என்று சொல்வோர் உண்டு. அதை நான் அடியோடு மறுக்கிறேன். சிறைக்கும் தோட்டாவுக்கும் அஞ்சாமல் வேலைப் பட்டியலில் நியாயம் கேட்ட ரெதேயெஃப் பெண்களைவிட ஜனநாயகத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் யார்?

கஃப்சா நமக்கு அப்படியொன்றும் தூரத்து ஊரும் அல்ல. எண்ணூரில் உர ஆலை வைத்திருக்கும் கோரமண்டல் இன்டர்நேஷனல், கஃப்சா பாஸ்பேட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டிஃபெர்ட் என்ற ஆலையைத் துனிசியாவில் நிறுவியது. இந்திய உரத் தேவைக்குப் பாஸ்பாரிக் அமிலம் தயாரிப்பதே அதன் நோக்கம்.

பாஸ்பேட்டைப் பதப்படுத்தும் அரசு ஆலைகளில் ஒரு தொகுதி, காபெஸ் என்ற கடலோர நகரில் இருக்கிறது. அதன் கழிவு கடலில் கலக்கிறது. புகை ஊருக்குள் வருகிறது. மாசுபடுத்தும் பிரிவுகளைப் பிரித்து அகற்றுவதாக, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு 2017இல் வாக்குக் கொடுத்தது. நடக்கவில்லை. 2025 அக்டோபரில் பள்ளிக் குழந்தைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போன பிறகு, பல்லாயிரம் பேர் அந்த ஆலையை மூடச் சொல்லி ஊர்வலம் போனார்கள். ஊர் முழுக்கக் கடையடைத்து வேலைநிறுத்தம் செய்தது. சயீது நாடாளுமன்றத்தின் பல்லைப் பிடுங்கிவிட்ட பிறகு, கேள்வி நேராக அதிபர் மாளிகையை நோக்கியே போகிறது.