பதிவு யார் கையில்?

சைனிக்புரியில் எந்தத் தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஒரு கேமரா கண்ணில் படும். ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக உருவான குடியிருப்பு இது. பெயரே அதைத்தான் சொல்கிறது. ஹைதராபாத்தின் பல காலனிகளைப் போல இங்கும் காவல்துறை 'நேனு சைதம்' என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தது. 'நானும்கூட' என்று பொருள். குடியிருப்போரும் கடைக்காரர்களும் காசு போட்டுக் கேமரா வாங்குவார்கள். காட்சி காவல்துறைக்குப் போகும். இதுபோதாதென்று, மக்கள் அதிகமாகக் கூடும் கடைகளும் நிறுவனங்களும் கேமரா வைத்து 30 நாள் பதிவைச் சேமிக்க வேண்டும் என்று ஒன்றுபட்ட ஆந்திரம் 2013இல் சட்டம் போட்டது. தெலங்கானா பிரிந்த பிறகும் அந்தச் சட்டம் தொடர்கிறது.

கேமரா நம்மைப் பார்ப்பதில் குறையொன்றும் இல்லை. அதே கேமரா காவலரைப் பார்க்கிறதா, பார்த்ததை யார் எடுத்துக் காட்டுவார் என்பதுதான் இப்போது நீதிமன்றங்கள் வரை போயிருக்கும் கேள்வி.

சைனிக்புரியை ஒட்டியிருப்பது நேரேட்மெட். 2016இல் பிரிக்கப்பட்ட ராச்சகொண்டா காவல் ஆணையரகம் அங்கிருந்துதான் இயங்கியது. அதன் எல்லைக்குள், நகரத்துக்கு வெகு தொலைவில், யாதாத்ரி புவனகிரி மாவட்டத்தில் அட்டகூடூர் என்றொரு காவல் நிலையம். 2021 ஜூன் 18 அன்று மரியம்மா என்ற தலித் பெண் அங்கே காவலில் இறந்தார். வேலை பார்த்த வீட்டில் பணம் திருடினார் என்பது அவர் மேலிருந்த சந்தேகம். உயர் நீதிமன்றம் நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது. உதவி ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அறையில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவர்கள் மூன்று தரப்பு: காவலர்கள், கூடவே பிடிக்கப்பட்டவர்கள், அங்கே ஒழுங்காக ஓடும் கேமரா இருந்தால் அது. முதல் தரப்பு சொல்லாது. இரண்டாம் தரப்பை நம்ப மாட்டார்கள். மிஞ்சுவது மூன்றாவது.

அந்த மூன்றாவது சாட்சிக்குச் சட்டம் எப்போதோ வந்துவிட்டது. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவு, நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்றது. வாசலில் ஒன்று மாட்டிவிட்டு முடித்துக்கொள்ள முடியாதபடி இடங்களையும் எழுதியது: நுழைவாயில், வெளிவாயில், லாக்கப், நடைபாதை, வராந்தா, ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, கழிப்பறைக்கு வெளியே, கட்டிடத்தின் பின்புறம். படத்தோடு ஒலியும் பதிய வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அத்தகைய கருவி சந்தையில் கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. சிபிஐ, என்ஐஏ, அமலாக்கத் துறை உள்ளிட்டு விசாரிக்கவும் கைது செய்யவும் அதிகாரமுள்ள மத்திய அமைப்புகளுக்கும் இது பொருந்தும். கேமரா ஓடுகிறதா என்பதற்கு நிலையப் பொறுப்பதிகாரியே பொறுப்பு.

18 மாதம் என்றால் எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு சாதாரண கேமரா ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி தின்னும். எட்டுக் கேமரா என்றால் 173 ஜிபி. ஒரு டிபி வட்டு ஆறு நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். காட்சியைப் பதியும் டிவிஆர் பெட்டியின் இயல்பு அது, யாரும் கை வைக்க வேண்டியதில்லை. ஆகவே 18 மாதத்துக்குச் சேமிப்பது கேமரா வாங்கும் செலவல்ல, வட்டு வாங்கும் செலவு. டெண்டரில் முதலில் வெட்டுப்படுவது எது என்பதை அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த யாரிடமும் கேட்கலாம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் காவல் நிலையத்தின் வட்டில் போதுமான இடம் இருந்ததையும், ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி அமைத்திருந்ததையும் தன் அறிக்கையில் எழுதினார். சம்பவ நாளின் பதிவு இல்லை. அப்பாவும் மகனும் தரையில் உருண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்றது முதல் தகவல் அறிக்கை. அதைப் பொய்யாக்கியது காவல் நிலையத்துக் கேமரா அல்ல, கடைவீதிக் கேமரா. காவலரின் கைக்கு எட்டாத பெட்டியில் இருந்ததால் அது பிழைத்தது.

ஐந்தாண்டு கழித்து, 2025 ஜூன் 28, திருப்புவனம் பக்கத்தில் மடப்புரம். நகை காணாமல் போன புகாரில் பிடிக்கப்பட்ட கோயில் காவலாளி அஜித்குமாரைக் கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் வைத்துக் காவலர்கள் அடிக்கிறார்கள். கோயில் ஊழியர் ஒருவர் கழிப்பறைக்குள் இருந்து அதைக் கைபேசியில் படமெடுக்கிறார். சில விநாடிகள்தான். மறைவாக நின்று எடுத்த அந்தத் துண்டுதான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் முன் ஓடியது. கோயில் கேமராக்களின் பதிவு எங்கே என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. காவல் மரண வழக்கு சிபிஐக்குப் போயிற்று. படமெடுத்தவர் தனக்குப் பாதுகாப்புக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று.

சாத்தான்குளமும் மடப்புரமும் ஒன்றையே சொல்கின்றன: கேமராக்களின் எண்ணிக்கையால் பொறுப்பு வருவதில்லை. பதிவின் ஒரு படியாவது காவல்துறைக்கு வெளியே இருந்தால்தான் வருகிறது.

ஹைதராபாத்துக்கே திரும்பினால் இந்தக் கதையின் மறுபக்கம் இருக்கிறது. 2018 தொடக்கத்தில் தெலங்கானா காவல்துறை 'டிஎஸ்காப்' என்ற செயலியைக் காவலர்களுக்குக் கொடுத்தது. அதே ஆண்டில் முகம் அடையாளம் காணும் வசதியும் அதில் சேர்ந்தது. 2021 மே மாதம், பொதுமுடக்க நேரம். சமூகச் செயற்பாட்டாளர் எஸ்.கியூ. மசூதைக் காவலர்கள் சாலையில் நிறுத்தினார்கள். முகக்கவசத்தை எடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். இருந்தும் படமெடுத்துக்கொண்டார்கள். எந்தச் சட்டத்தில் எடுத்தீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் காட்டுவீர்கள் என்று கேட்டு ஹைதராபாத் காவல் ஆணையருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பதில் இல்லை. பொதுநல வழக்குப் போட்டார். 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. முக அடையாளத் தொழில்நுட்பத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன இந்தியாவின் முதல் வழக்குகளில் இது ஒன்று. ஒரு குடிமகன் கேட்ட கேள்வி மூன்றே. ஆனால் ஒரு முழு ஆணையரகத்தையும் வாய்மூட வைத்தது.

ஒற்றுமை பார்த்து ஆளைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த நகரம் கண்டது. 2023 ஜனவரி இறுதியில், மெதக்கில் நடந்த சங்கிலிப் பறிப்பின் சிசிடிவி படத்தில் இருப்பவரைப் போல இருக்கிறார் என்று ஒரு கூலித் தொழிலாளியை ஹைதராபாத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாளில் விட்டுவிட்டார்கள். அடித்தார்கள் என்று மருத்துவமனைக் கட்டிலில் இருந்து அவர் பேசிய காணொளி வெளிவந்தது. பிப்ரவரி நடுவில் காந்தி மருத்துவமனையில் இறந்துபோனார். உயர் நீதிமன்றம் தானே வழக்காக எடுத்துக்கொண்டது. கேமரா அவரைச் சிக்கவைத்தது. இன்னொரு கேமராதான் அவர் குரலை வெளியே கொண்டுவந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் பதிவைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தும் அதிகாரம் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு உண்டு என்று 2020 உத்தரவு சொல்கிறது. ஆனால் தெலங்கானா ஆணையத்தின் தலைவர் நாற்காலி 2022 இறுதியில் காலியாகி, 2025 ஏப்ரலில்தான் நிரம்பியது.

மாவட்ட அளவில் ஒரு மேற்பார்வைக் குழுவும் உண்டு. மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மேயர் ஆகியோர் அதில் இருப்பார்கள். யாரும் புகார் தராத உரிமை மீறல்களும் நடந்திருக்கின்றனவா என்று பதிவைப் பார்ப்பது அதன் வேலை. கண்காணிக்கப்பட வேண்டியவரே கண்காணிக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. 2025 செப்டம்பரில் ராஜஸ்தானில் ஏழெட்டு மாதத்தில் 11 காவல் மரணங்கள் என்ற பத்திரிகைச் செய்தியைப் படித்த உச்ச நீதிமன்றம், கேமராக்கள் ஏன் ஓடவில்லை என்று தானாக முன்வந்து கேட்டது. உத்தரவு போட்டு ஐந்தாண்டு நெருங்கிய பிறகு கேட்ட கேள்வி அது.

குடியேற்றத் துறை விஷயத்தில் நிலைமை இன்னும் இருட்டு. சைனிக்புரியில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு வாட்ஸ்அப் அழைப்புக்குக் காத்திருக்கும் பெற்றோர் ஏராளம். அங்கே குடியேற்றக் காவலர்கள் தெருவில் ஆளைப் பிடிக்கும் காட்சிகள் இவர்கள் கைபேசிக்கும் வந்து சேர்கின்றன. அந்தக் காவலர்களின் நடமாட்டத்தை மக்களே பதிவிடும் 'ஐஸ்பிளாக்' செயலி 2025இல் வந்தது. அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டதும் அக்டோபரில் ஆப்பிள் தன் கடையிலிருந்து அதைத் தூக்கிவிட்டது. கருவி மக்களுடையது, திறப்பும் பூட்டும் நிறுவனத்துடையது. இந்தியாவில் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்படி, தான் வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் சுமை பிடிக்கப்பட்டவர் தலையில்தான். ஹைதராபாத்தின் பாலாப்பூரில் வாழும் ரோஹிங்கியாக்களின் கைரேகை முதல் எல்லாம் அரசிடம் இருக்கிறது. அவர்களை விசாரிக்கும் அறையின் பதிவு அவர்களிடம் இல்லை. விசாரிக்கவும் பிடித்துவைக்கவும் அதிகாரம் உள்ள இடம் என்றால் 2020 உத்தரவின் தர்க்கம் அங்கும் பொருந்த வேண்டும் என்பது என் கருத்து.

நல்லதாக ஒரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி ஒளியாகப் பதிய வேண்டும், தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அதாவது ஒரு படி காவல்துறைக்கு வெளியே போகிறது. வீட்டுக்குச் சோதனைக்கு வருகிறவரிடம் 'பதிவு ஓடுகிறதா சார்?' என்று கேட்பதற்கு இனி யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

நாம் எடுக்கும் படம்? காவல் நிலையம் அலுவல் இரகசியச் சட்டத்தில் சொல்லும் தடைசெய்யப்பட்ட இடம் அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை 2022இல் தீர்ப்பளித்து, உள்ளே படமெடுத்தவர் மீதான வழக்கைத் தள்ளியது. காவலரின் வேலைக்குக் குறுக்கே நிற்காமல் தள்ளி நின்று எடுப்பதே நல்லது. எடுத்த கோப்பை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் அது சுருங்கி வேறு கோப்பாகிவிடும். அதன் ஹாஷ் எண்ணும் மூலக் கோப்பின் எண்ணிலிருந்து மாறிப்போகும். அந்த எண் கோப்பின் கைரேகை மாதிரி: ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் இந்த எண்ணுக்கு இடமிருக்கிறது. ஆகவே அனுப்புவதற்குப் படி, வைத்துக்கொள்வதற்கு மூலம். கைபேசியையே விற்றுவிட வேண்டாம்.

காவல் நிலையப் பதிவு வேண்டுமானால் நாள் கடத்தாதீர்கள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த அறை என்று குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றே பொறுப்பதிகாரிக்கு எழுதி, படியை மாவட்ட ஆட்சியருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தகவல் உரிமை மனுவும் போடுங்கள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

இன்னொன்று. இந்த இடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது, உரிமை மீறல் நடந்தால் பதிவைப் பாதுகாக்கச் சொல்ல பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு, பதிவு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்கும் (18 மாதம் கேட்ட உத்தரவு பலகைக்கு வைத்த குறைந்தபட்சம் இது) என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ளூர் மொழியிலும் பெரிய பலகை ஒவ்வொரு காவல் நிலையத்தின் வாசலிலும் உள்ளேயும் வைக்க வேண்டும் என்பதும் அந்த 2020 உத்தரவில் இருக்கிறது. பாஸ்போர்ட் விசாரணைக்கோ தொலைந்த கைபேசிக்கோ அடுத்த முறை நிலையத்துக்குப் போகும்போது அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.