உண்ண மறுத்த சுறா

நுழையும்முன்

பசி எல்லா உயிர்க்கும் பொதுவானது. ஆயினும், புதிய இடத்திற்குக் கொண்டுவரப்பட்ட பெரிய மீன், கண்ணெதிரே இரை இருந்தும் அதைத் தொடாமல் விலகிச் செல்வதுண்டு. இக்குறை உணவை மாற்றினால் தீருமா? இடத்தை மாற்றினால் தீருமா? கலிபோர்னியக் கடற்கரையில் ஒரு வெள்ளைச் சுறாவை உண்ணவைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சி, இவ்வினாவிற்கு விடை தருகிறது.

உண்ணாத விருந்தாளி

ஆஸ்கார், அரவானா முதலிய பெரிய மீன்களை விலைக்கு வாங்கி வந்து வீட்டுத்தொட்டியில் விடுவோர் பலர். முதல் நாள் இடும் உணவு தொட்டியின் அடியில் அப்படியே கிடக்கும். இரண்டாம் நாளும் அந்நிலை நீடித்தால் வளர்ப்பவர் கலங்குவர். உணவை மேலும் மேலும் இடுவர். உண்ணப்படாத உணவு அழுகும். நீரில் அம்மோனியா பெருகும். மீன் மேலும் சோரும். பட்டினியால் இறந்ததாகக் கருதப்படும் மீன்களுள் பல, உண்மையில் கெட்ட நீரால் இறந்தவையாகும்.

வீட்டுத்தொட்டியில் சிறிய அளவில் தோன்றும் இச்சிக்கல், உலகப் புகழ்பெற்ற மீன்காட்சியகங்களையும் அரை நூற்றாண்டுக் காலம் வருத்தியது. அவர்கள் வளர்க்க முயன்ற மீன் வெள்ளைச் சுறா.

பட்டினியின் வரலாறு

1950களிலிருந்தே வெள்ளைச் சுறாவைத் தொட்டியில் வைத்துக் காட்ட அமெரிக்க மீன்காட்சியகங்கள் முயன்று வந்தன. பிடிபட்ட சுறாக்கள் சில மணி நேரத்திலோ, சில நாள்களிலோ இறந்தன. அல்லது மீண்டும் கடலில் விடப்பட்டன. 1981ஆம் ஆண்டு சான்டியாகோ நகரில் ஒரு சுறா 16 நாள்கள் உயிருடன் இருந்தபின் விடுவிக்கப்பட்டது. அதுவே நெடுங்காலம் முறியடிக்கப்படாத அளவாக இருந்தது. மாண்டெரே விரிகுடா மீன்காட்சியகம், தான் திறக்கப்பட்ட 1984ஆம் ஆண்டிலேயே ஓர் இளஞ்சுறாவைக் காட்சிக்கு வைத்தது. அச்சுறா உணவு ஏற்காமல் 11ஆம் நாள் இறந்தது.

கடலில் அஞ்சத்தக்க வேட்டையாடியாகத் திரியும் உயிரினம், வேட்டையே தேவைப்படாத இடத்தில் ஏன் உண்ணாமல் இருந்தது?

மறுப்பிற்கான காரணங்கள்

முதற்காரணம் மூச்சு. வெள்ளைச் சுறா இடைவிடாது முன்னோக்கி நீந்தினால்தான் அதன் செவுள்களின் வழியே நீர் பாய்ந்து உயிர்வளி கிடைக்கும். வலையில் சிக்கித் துடித்துக் களைத்த சுறா, குறுகிய தொட்டியில் அடிக்கடி திரும்ப நேர்கிறது. அவ்வாறு திரும்பும்போது அதன் ஓட்டம் தடைப்படுகிறது. நீந்துவதே பெரும்பாடான உயிருக்கு உண்பது இரண்டாம் கடமையாகிவிடுகிறது.

இரண்டாம் காரணம் சுவர். எல்லையற்ற கடலில் வாழ்ந்த மீன் சுவர் என்பதை அறியாது. அது மோதிக் காயமுறுகிறது. மோதாமலிருக்கக் கற்கும்வரை அதன் கவனம் முழுவதும் அதிலேயே இருக்கிறது.

மூன்றாம் காரணம் மின்னுணர்வு. சுறாக்களின் மூக்குப்பகுதியில், இரையின் தசையசைவால் எழும் மிக நுண்ணிய மின்புலத்தையும் அறியும் உறுப்புகள் உள்ளன. தொட்டியின் உலோகப் பகுதிகளாலும் மின்கருவிகளாலும் தோன்றும் மின்புலம் அவற்றைக் குழப்புகிறது.

தெரிந்து தெளிவோம்

1980ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரின் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தில் ஒரு வெள்ளைச் சுறா, வட்டத்தொட்டியின் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தடுமாறியது. ஆராய்ந்தபோது, அவ்விடத்தில் ஒரு மில்லிவோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு அளவே மின்னழுத்த வேறுபாடு இருந்தது கண்டறியப்பட்டது. சில நாள்களில் அச்சுறா கடலில் விடப்பட்டது.

கடலுக்குள் ஓர் இடைநிலை வீடு

மாண்டெரே அறிவியலாளர்கள் தம் தோல்வியிலிருந்து ஒரு முடிவிற்கு வந்தனர். ‘சுறாவிற்கு எதை ஊட்டுவது?’ என்னும் வினாவிற்கு முன், ‘சுறா எங்கே அமைதியடையும்?’ என்னும் வினாவிற்கு விடை காண வேண்டும் என்பதே அது.

மாலிபு கடற்கரைக்கு அப்பால் கடலிலேயே ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் லிட்டர் நீர் கொள்ளும் பெரிய வலைக்கூண்டு ஒன்றை அமைத்தனர். அதனுள் இருப்பது கடல்நீரே. அலையும் ஒளியும் வெப்பமும் கடலுக்குரியனவே. எல்லை மட்டும் புதிது. அதுவும் வன்சுவரன்று; வளைந்து கொடுக்கும் வலை.

2004 ஆகஸ்ட் 20ஆம் நாள், தெற்குக் கலிபோர்னியாவில் தட்டைமீன் பிடிக்க விரிக்கப்பட்ட வலையொன்றில் இளம் பெண்சுறா ஒன்று தற்செயலாகச் சிக்கியது. நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். எடை 28 கிலோ. அதனை வலைக்கூண்டில் விட்டு மூன்றரை வாரங்கள் கண்காணித்தனர். தடையின்றி நீந்துகிறதா, வலையைத் தவிர்த்துத் திரும்புகிறதா, இரையை ஏற்கிறதா என்பனவே அவர்கள் நோக்கியவை. சுறா எல்லையைப் பழகிக்கொண்டது, உண்ணவும் தொடங்கியது. உண்ட பின்னரே அதனை இடம்பெயர்க்கத் துணிந்தனர்.

செப்டம்பர் 14ஆம் நாள், ஏறத்தாழ 11,000 லிட்டர் நீர் கொண்ட தொட்டியை வண்டியில் ஏற்றி, அதில் சுறாவை மாண்டெரேக்குக் கொண்டுவந்தனர். அங்கிருந்த காட்சித்தொட்டி ஏறத்தாழ 38 இலட்சம் லிட்டர் கொள்ளளவு உடையது. அதில் சூரை மீன்களும் பிறவகைச் சுறாக்களும் முன்பே வாழ்ந்து வந்தன. இளம் வெள்ளைச் சுறாக்கள் கடலில் பெரும்பாலும் மீன்களையே உண்பவை. ஆகவே சால்மன் முதலிய மீன்களின் துண்டங்கள் அளிக்கப்பட்டன. சுறா அவற்றை ஏற்றுக்கொண்டது. நாள்கள் வாரங்களாயின, வாரங்கள் மாதங்களாயின. முன்னைய அளவான 16 நாள்களைக் கடந்து, அது 198 நாள்கள் அங்கு வாழ்ந்தது.

பசி தந்த விடுதலை

உண்ணவைத்தலில் கிடைத்த வெற்றியே பிரிவிற்கும் காரணமாயிற்று. நன்கு உண்டு வளர்ந்த சுறாவின் எடை 73 கிலோவாக உயர்ந்தது. அளிக்கப்படும் உணவோடு நில்லாமல், அது தன்னுடன் வாழ்ந்த சூப்ஃபின் வகைச் சுறாக்கள் இரண்டைக் கடித்துக் கொன்றது. வேட்டையுணர்வு திரும்பிய உயிரைத் தொட்டியில் வைத்திருத்தல் தகாது என முடிவு செய்யப்பட்டது. 2005 மார்ச் 31ஆம் நாள், கண்காணிப்புக் கருவி பொருத்தி அதனைக் கடலில் விட்டனர்.

அதன்பின் 2011 வரை மேலும் ஐந்து இளஞ்சுறாக்கள் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் இறுதியானது 55 நாள்களுக்குப்பின் கடலில் விடப்பட்டுச் சிறிது நேரத்தில் இறந்தது. 2016ஆம் ஆண்டு ஜப்பானின் ஒகினாவாவில் வைக்கப்பட்ட மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஆண்சுறா, உணவை மறுத்து மூன்று நாள்களில் இறந்தது. முறை தெரிந்திருந்தும் எல்லாச் சுறாக்களும் தொட்டிக்கு உரியவை ஆகிவிடவில்லை என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

வீட்டுத்தொட்டிக்கும் அதே பாடம்

அளவு வேறாயினும் நெறி ஒன்றே. புதிய மீன் வந்த முதல் நாள் உணவிட வேண்டியதில்லை. நலமுள்ள பெரிய மீன் சில நாள்கள் உண்ணாதிருத்தலைத் தாங்கும். முதலில் நீரின் வெப்பத்தையும் அம்மோனியா அளவையும் ஆராய்தல் வேண்டும். விளக்கொளியைக் குறைத்து, மறைந்திருக்க இடம் தந்து, தொட்டியருகே நடமாட்டத்தைத் தவிர்த்தல் வேண்டும். பின்னர், அம்மீன் முன்பு உண்டு பழகிய உணவு எதுவென விற்றவரிடம் கேட்டறிந்து அதையே சிறிதளவு இடலாம். சற்று நேரத்தில் உண்ணாவிடில் அதனை அகற்றிவிட்டு மறுநாள் முயல வேண்டும். பழகிய உணவை ஏற்றபின் புதிய உணவைச் சிறிதுசிறிதாகக் கலந்து மாற்றலாம். உடல் மெலிதல், மூச்சு விரைதல், புண் தோன்றுதல் ஆகியன காணப்பட்டால் அது பழக்கக் குறையன்று, நோய் என்று உணர்ந்து கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும்.

வாங்குமுன் சிந்தித்தல் இவை எல்லாவற்றினும் முதன்மையானது. விரலளவில் விற்கப்படும் ஆஸ்கார் மீன் ஓரடி நீளத்தை எட்டக்கூடியது. அரவானா அதனினும் பெரிதாக வளரும். அவை வளர்ந்தபின் திரும்பி நீந்தவும் இடமில்லாத தொட்டியில், எவ்வளவு சுவையான உணவும் பயன் தராது.

உண்ணாமை என்பது பேச இயலாத உயிர் தன் நிலையை அறிவிக்கும் வழியாகும். அதனைப் பிடிவாதம் என்று கொள்பவர் உணவை மேலும் திணிப்பர். அறிவிப்பு என்று கொள்பவரோ நீரையும் இடத்தையும் நோக்குவர். மாண்டெரேயில் ஒரு சுறா 11 நாளில் இறந்ததற்கும், இருபது ஆண்டுகளுக்குப்பின் மற்றொன்று 198 நாள்கள் வாழ்ந்ததற்கும் இடையே நிகழ்ந்த பெரிய மாற்றம் இந்நோக்கில் ஏற்பட்ட மாற்றமே.

கற்பவை கற்றபின்

1. சுறாவைக் காட்சித்தொட்டிக்குக் கொண்டுவருமுன் கடலிலேயே வலைக்கூண்டில் வைத்ததன் தேவையை விளக்குக.
2. ‘காட்டு உயிர்களைக் காட்சிக்கு வைத்தல் தேவையா?’ என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. உங்கள் பகுதியில் வண்ணமீன் வளர்ப்பவரைச் சந்தித்து, புதிய மீன்களை அவர் பழக்கும் முறையைக் கேட்டறிந்து எழுதுக.