பச்சைக் கதிர் ஏன் பளிச்சென்று தெரிகிறது?

மார்கழி இரவு. குருவிநத்தம் பக்கம், தென்பெண்ணைக் கரையில் பனிமூட்டம். ஆளில்லாத மணல்திட்டை நோக்கி லேசர் பேனாவை அழுத்தினால், சிவப்பு மெல்லிய இழையாக மங்கிவிடும். பச்சையோ கயிறு கட்டினாற்போல் நீளும். இரண்டுமே 5 மில்லிவாட்தான்!

வித்தியாசம் நம் கண்ணில்தான் இருக்கிறது, நேயர்களே. பகல் பார்வைக்கு 555 நானோமீட்டர் பச்சையே மிகப் பளிச். அதனால் 532 நானோமீட்டர் பச்சை, 650 நானோமீட்டர் சிவப்பைவிடச் சுமார் 8 மடங்கு பிரகாசமாகப் படுகிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் இந்த இடைவெளி இன்னும் கூடும். திறனை இரட்டித்தால்கூடக் கண்ணுக்கு வெளிச்சம் இரட்டிப்பாகத் தோன்றாது. கதிரை நமக்குக் காட்டுவது பனித்துளியும் தூசியும் சிதறடிக்கும் ஒளிதான்.

405 நானோமீட்டர் ஊதா மங்கலாகத் தெரியும். ஆனால் விழித்திரையைச் சுடுவதில் அது சளைத்ததல்ல. பிள்ளைகள் கையில் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.