கீழாநெல்லிக்கு ஒரே ஓர் ஆய்வு போதுமா?

பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டால், மருத்துவமனைக்குப் போகும் முன்பே பல வீடுகளில் கீழாநெல்லி அரைபட்டுவிடும். மோரில் கலந்து குடித்தவர் சில வாரங்களில் தேறியும்விடுகிறார். ஆனால், அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களால் வரும் காமாலை, பெரும்பாலானோருக்கு மருந்தே இல்லாமலும் தணியக்கூடியது. அப்படியிருக்க, குணமாக்கியது மூலிகையா, உடலின் எதிர்ப்புச் சக்தியா? குடித்தவரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. குடிக்காதவரோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ஒப்பீடு எவ்வளவு பெரிய நம்பிக்கையையும் அசைக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. 1950களில் காசநோய் தீர சானடோரியமும் ஓய்வும் சத்துணவும் இன்றியமையாதவை என்றே மருத்துவ உலகம் நம்பியது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் அதே மருந்துகள் ஓராண்டு தரப்பட்டன. 1959இல் வெளியான முடிவின்படி, நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். நெருக்கடியான வீடுகளில் உடன் வாழ்ந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. இன்று ஓட்டேரி காசநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பலர் மாத்திரையோடு வீடு திரும்ப முடிகிறதென்றால், அந்த வழக்கத்துக்கு வழிவகுத்தது இந்த ஆய்வு. அதன் முடிவை நாடுகள் பின்னர் தம் அனுபவத்தில் மீண்டும் மீண்டும் சரிபார்த்துக்கொண்டன.

கீழாநெல்லிக்கும் அதே நகரில் ஒரு சோதனை நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க் ஆகியோர் அடங்கிய குழு, 1988இல் 'லான்செட்' இதழில் அதை வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது தானாகத் தணியும் காமாலையை அல்ல. ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுங்காலம் உடலில் சுமப்பவர்களை. 30 நாள் சிகிச்சைக்குப் பிறகு, மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்புறப் புரதம் தென்படவில்லை. மருந்தற்ற போலி மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. வியக்கத்தக்க முடிவுதான். ஆனால், தாய்லாந்து, நியூசிலாந்து உள்ளிட்ட நாடுகளில் பிறர் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே, 1988 ஆய்வை மட்டும் காட்டி 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்பது பாதிக் கதைதான்.

மண், பருவம், பறிக்கும் காலம், பதப்படுத்தும் முறை ஆகியவற்றுக்கேற்பச் செடியின் வேதிப்பொருள்கள் மாறும். வேறு நாட்டில் வேறு செடியைச் சோதித்துவிட்டுத் தோல்வி என்று சொல்லலாமா என்று மூலிகை ஆதரவாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கீழாநெல்லி என்ற பெயரிலேயே நெருங்கிய உறவுள்ள பல இனங்கள் புழங்குகின்றன. ஆனால், பலன் செடிக்குச் செடி மாறுமென்றால், எந்தச் செடி, எந்த அளவு என்று வரையறுத்து மீண்டும் சோதிக்க வேண்டியதன் அவசியம்தான் கூடுகிறது. அந்த மாறுபாடு, சோதிக்காமல் விற்பதற்கு அனுமதி ஆகாது. நோயாளிக்குப் போலி மாத்திரை தருவது அறமா என்று இன்னொரு கேள்வி எழலாம். அன்று ஹெபடைடிஸ் பி நோய்க்கு எளிதில் கிடைக்கும் நல்ல மருந்து இல்லை. இன்று டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் இருப்பதால், மூலிகையை அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

எனவே, மருத்துவச் செய்தி எதைப் படித்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எதனோடு ஒப்பிட்டார்கள்? வேறு யாராவது செய்து பார்த்து அதே முடிவைக் கண்டார்களா? காமாலை வந்தால் ரத்தப் பரிசோதனை செய்து எந்த வைரஸ் என்று தெரிந்துகொள்ளுங்கள்; கர்ப்பிணியென்றால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி வராமல் தடுக்கும் தடுப்பூசி, பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடப்பட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.