விடுபடும் அறையில் உடலியங்கியல்

ஜப்பானின் கியோட்டோ நகரில் 2007ஆம் ஆண்டு தகாவோ கட்டோ என்பவர், புதிர்களை விடுவித்தோரே அறையை விட்டு வெளியேறலாம் என்னும் விளையாட்டை நடத்தினார். ‘எஸ்கேப் ரூம்’ எனப் பரவிய அதனை ‘விடுபடும் அறை’ எனலாம். வகுப்பறையில் நடத்துங்கால் கதவைப் பூட்டுதல் ஒருபோதும் கூடாது. பெட்டியைப் பூட்டினாலே போதும். எண்பூட்டுகள் இரண்டும் பழைய தகரப்பெட்டிகள் இரண்டுமே இதற்குரிய செலவு.

புதிரை அமைப்பதில்தான் அருமை இருக்கிறது. உறுப்புகளின் பெயரை மனப்பாடமாய் ஒப்பிப்பவருக்குத் திறந்துவிடும் பூட்டினால் பயனில்லை. உறுப்பு இயங்கும் விதத்தை உணர்ந்தவருக்கே அது திறக்க வேண்டும்.

முதற்பெட்டி இதயத்தைப் பற்றியது. இதயத்தின் கீழறையாகிய வெண்ட்ரிக்கிள் விரிந்து நிறையும்போது அதில் 120 மி.லி. குருதி உள்ளது, சுருங்கிய பின் 50 மி.லி. எஞ்சுகிறது, துடிப்பு நிமிடத்திற்கு 72. இம்மூன்று எண்களே குறிப்புகள். 120ஐ 72ஆல் பெருக்கிப் பூட்டில் 8640 என வைப்பவர் ஏமாறுவர். கீழறை ஒருபோதும் முற்றிலும் வெறுமையாவதில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். வெளியேறுவது 70 மி.லி. மட்டுமே, எனவே விடை 5040. நிமிடத்திற்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர்!

இரண்டாம் பெட்டிக்குப் புழல் மாணவர் வெளியே தேட வேண்டியதில்லை. 1876இல் அமைந்த புழல் நீர்த்தேக்கத்தின் நீர் வடிகட்டப்பட்டுச் சென்னைக்குச் செல்வதை அவர்கள் அறிவர். சிறுநீரகமும் அத்தகைய வடிகட்டியே என எண்ணுவது இயல்பு. ஆனால் நீர் நிலையம் அழுக்கை நிறுத்தி நீரை விடுகிறது. சிறுநீரகமோ குருதியணுக்களையும் புரதங்களையும் நிறுத்திக்கொண்டு, நீர், சர்க்கரை, உப்பு, யூரியா ஆகியவற்றை ஒருசேர வடிய விட்டு, வேண்டுவனவற்றைப் பின்னர் மீட்டுக்கொள்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவரைப் பேணும் வீடுகளிலும் இவ்வேறுபாட்டை அறிந்தோர் சிலரே.

நிமிடத்திற்கு வடிவது 125 மி.லி.; ஒரு நாளுக்கு எத்தனை லிட்டர் என்பதே வினா. 180 என வைத்தால் பூட்டுத் திறக்கும். உள்ளே ஒன்றரை லிட்டர் நீர் நிறைந்த புட்டியும் ஒரு சீட்டும் இருக்கும். ஒரு நாளில் வெளியேறும் சிறுநீரின் அளவே அப்புட்டி. “மீதி 178.5 லிட்டர் எங்கே போயிற்று?” என்கிறது சீட்டு. அதற்குப் பூட்டில்லை; பாடவேளையின் பிற்பாதியை ஆசிரியர் அவ்வினாவிற்கே ஒதுக்கிவைக்க வேண்டும்.